டியூப் மாற்றிய பிறகு வந்த ‘கல்’

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டதால் ஐந்து மாதமாக யூரின் டியூப்போடு இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்து டியூப் மாற்றியவர், உள்ளே பலூன் சுருங்கவில்லை என்று தண்ணீரை ஏற்றி ஏற்றி அதை வெடிக்க வைத்து உருவி எடுத்தார். அன்றிலிருந்து எரிச்சல், நாற்றம், நாலு நாளுக்கு ஒரு முறை அடைப்பு. மூன்று ஆன்டிபயாடிக் பார்த்தாகிவிட்டது. இப்போது ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 14 மி.மீ. கல் என்கிறார்கள். கல்லைக் கரைக்கும் மருந்து ஒன்றை ஒருவர் சிபாரிசு செய்கிறார், கொடுக்கலாமா? இல்லை, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டுமா?

பதில்: திறக்க வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன். கரைக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது அந்த 14 மி.மீ. இல்லை, ‘வெடிக்க வைத்து’ என்ற இரண்டு சொல்தான்.

வெளியே வந்த டியூப்பின் நுனியை யாராவது பார்த்தீர்களா? பலூன் என்பது டியூப்பைச் சுற்றி உறைபோல ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர், டியூப் கழன்று வராமலிருக்க உள்ளே தண்ணீர் ஏற்றி உப்ப வைப்பது. கழுவி, வெள்ளைத் துணியில் வைத்து, விரலால் இழுத்து விரித்துப் பார்த்தால் தெரியும்: ஒரு கீறல் மட்டும் இருந்து இரண்டு ஓரமும் பொருந்தினால் பயமில்லை. ஓரங்கள் சேராமல் நகம் அளவுக்கு ஜன்னல் மாதிரி ஓட்டை இருந்தால், அந்த நகம் அளவு ரப்பர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும், தெரியும், எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

உள்ளே தங்கிய ரப்பர் சும்மா கிடக்காது. நீண்ட நாள் டியூப் வைத்தவர்களின் சிறுநீரில் கிருமி இருக்கும், அதில் சில வகைகள் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், சிறுநீர் காரத்தன்மைக்கு மாறும், உடனே மக்னீசியமும் பாஸ்பேட்டும் உப்பாக இறங்கி ரப்பரின் மேல் படியும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கறை பிடிப்பது போல. நீங்கள் சொல்லும் நாற்றமும், புது டியூப் சீக்கிரம் அடைத்துக்கொள்வதும் இதோடு ஒத்துப்போகிறது. ஸ்கேனில் அந்த உப்பு ஓடுதான் வெள்ளையாகத் தெரியும், பின்னால் நிழலும் விழும், ரிப்போர்ட்டில் ‘கல்’ என்று எழுதிவிடுவார்கள். எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு வந்த சீட்டில் ‘சிறுநீர்த் தொற்று’ என்று ஒரே வார்த்தைதான் இருந்திருக்கும், பலூன் வெடித்த கதையை யாரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சரி, நிஜமாகவே கல்லாகவும் இருக்கலாம். புராஸ்டேட் அடைப்பால் சிறுநீர் தேங்குபவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வரும். எதுவானாலும் அடுத்த வேலை ஒன்றுதான்: உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது, சிஸ்டோஸ்கோப்பி. எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். உலோகம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், வெறும் ரப்பர் பெரும்பாலும் தெரியாது.

அதற்குமுன் அந்தக் கரைக்கும் மருந்தைப் பற்றி. இதை விற்பவர்களுக்குத் துணையாக ஒரு உண்மை இருக்கிறது, அதனால்தான் ஏமாற்ற முடிகிறது. யூரிக் அமிலக் கல் என்று ஒரு வகை உண்டு, அது சிறுநீரைக் காரமாக்கினால் நிஜமாகவே கரையும். நாங்களே பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துக் கரைத்திருக்கிறோம். ஆனால் அது அமிலச் சிறுநீரில் உருவாகும் கல். உங்கள் அப்பாவின் சிறுநீரோ, நான் நினைப்பது சரியென்றால், ஏற்கெனவே காரமாக இருக்கிறது, உப்பு படிவதே அதனால்தான். அங்கே இன்னும் காரத்தை ஊற்றினால் ஓடு கெட்டியாகும். உங்களிடம் சிபாரிசு செய்தவரைக் கேளுங்கள்: எந்த வகைக் கல், சிறுநீரின் பி.எச். (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு) எவ்வளவு என்று. பதில் வராது, அடுத்த பாட்டில்தான் வரும். ரப்பரைக் கரைக்கும் டானிக் எந்த மருத்துவத்திலும் கிடையாது.

ஆன்டிபயாடிக்கும் இதே கதைதான். ரப்பரின் மேல் கிருமிகள் வழவழவென்று ஒரு பாசி கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும், மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. பொருளை எடுக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிடுகிறோம். இனிமேல் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுக்கும்போது, டியூப்போடு மாட்டிய பையில் இருப்பதைப் பிடித்துக் கொடுக்காதீர்கள். பழைய டியூப்பை எடுத்து, புதியது போட்டு, அதில் வரும் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். எத்தனை வருடமாகக் கத்துகிறேன், இன்னமும் பைச் சிறுநீர்தான் வருகிறது.

எடுப்பது எப்படி? ரப்பர் மட்டும் என்றால், மரத்துப்போகும் ஜெல் தடவி, வளையும் கேமராவைச் சிறுநீர்ப் பாதை வழியே விட்டு, சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்துவிடலாம். 14 மி.மீ. ஓடு கட்டியிருந்தால் முதுகில் ஊசி போட்டு, லேசரால் அந்த உப்பு ஓட்டினை உடைத்து, நடுவில் இருக்கும் ரப்பரைத் தனியாக எடுப்போம். அடிவயிற்றில் துளையிடுவதும் திறப்பதும் இந்த வழியில் வராத பெரிய பொருளுக்குத்தான். பார்க்காமலேயே ‘ஓபன் ஆபரேஷன், பேக்கேஜ் பேசிவிடலாம்’ என்று நடுவில் ஒருவர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொற்றை ஓரளவு அடக்கிவிட்டுத்தான் கேமரா விட வேண்டும், இல்லையென்றால் கிருமி ரத்தத்தில் ஏறும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், அந்த வீட்டுக்கு வரும் ஆள். பலூன் சுருங்காதது அடிக்கடி நடப்பதுதான். சிரிஞ்சை டியூப்பின் பலூன் துளையில் பொருத்திவிட்டு இழுக்காமல் விட்டால், பல நேரம் தண்ணீர் தானாகவே திரும்பி வரும். பலமாக உறிஞ்சினால் உள்குழாய் ஒட்டிக்கொள்ளும். வராவிட்டால் ஆஸ்பத்திரி. அங்கே மெல்லிய கம்பியை உட்குழாயில் விட்டு அடைப்பை எடுப்பார்கள், அல்லது ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்துவார்கள். தண்ணீர் ஏற்றி வெடிக்க வைப்பதும், டியூப்பை உடம்புக்குப் பக்கத்தில் வெட்டி விடுவதும் மட்டும் கூடவே கூடாது. வெட்டிய டியூப் உள்ளே போய்விட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், ‘தானாகவே கழன்று விழும் என்றார்கள் சார்’ என்றார்.

பலூன் சுருங்காமல் போக, அதற்குள் உப்புத் தண்ணீர் போடுவதும் ஒரு காரணம், நாளானால் உப்பு படிந்து துளை அடைக்கும். டியூப்புக்கு என்று கொடுத்த கிருமி நீக்கிய தண்ணீர்தான் போட வேண்டும். எத்தனை மி.லி. போட்டார்கள், எந்த அளவு டியூப், எந்தத் தேதி என்று ஒரு டிஸ்சார்ஜ் காகிதத்திலாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருக்காது. நீங்களே காலண்டரில் எழுதி வையுங்கள், அடுத்த முறை எத்தனை மி.லி. திரும்பி வந்தது என்பதையும் சேர்த்து.