நான்கு பெயர்கள் – கடிதம்

அன்புள்ள அம்மா,

உங்கள் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 36 வயது. சின்னவனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ப்ரீ-நர்சிங் படிக்கிறேன். அனாட்டமி, பிசியாலஜி இரண்டு பாகமும் முடித்துவிட்டேன். இப்போது மைக்ரோபயாலஜி. பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. கூடப் படிப்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஆசிரியர் எதைச் சொன்னாலும் "இது டெஸ்ட்ல வருமா?" என்று ஒரு குரல். "இதெல்லாம் லேப்காரங்க பாத்துப்பாங்க, நர்ஸுக்கு எதுக்கு?" என்று இன்னொரு குரல். ஒருவன் வந்ததும் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிடுவான்.

போன மாதம் எங்கள் குழுவுக்குப் பெயர் சொல்லாமல் ஒரு பாக்டீரியாவைக் கொடுத்து, என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குழுவில் நான்கு பேர். கிராம் ஸ்டெயின் என்பது சாயம் ஏற்றி, ஊதாவாக நின்றால் 'பாசிட்டிவ்', இளஞ்சிவப்பானால் 'நெகட்டிவ்' என்று பாக்டீரியாவைப் பிரிக்கும் சோதனை. அதில் ஆல்கஹால் ஊற்றும் பொறுப்பு ஒருத்தியுடையது. அவள் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டே ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஸ்லைடு முழுக்க இளஞ்சிவப்பு. "நெகட்டிவ், எழுதிடு" என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தனியாக இருந்து மறுபடியும் செய்தேன். ஊதா, கொத்துக் கொத்தாக. பதினோரு பக்க ரிப்போர்ட்டும் நானே எழுதினேன். முதல் பக்கத்தில் நான்கு பெயரையும் போட்டுக் கொடுத்தேன். 94 மதிப்பெண் வந்தது, நான்கு பேருக்கும். "கலக்கிட்டோம்!" என்று குழுவில் செய்தி போட்டாள், அந்த ஆல்கஹால்காரி.

இவர்களெல்லாம் நர்ஸாகி யார் உயிரோடு விளையாடப் போகிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு குரூப் பிரசென்டேஷன் பாக்கி. அதே நான்கு பேர்தான். நான் என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

ச., டெக்சாஸ்


அன்புள்ள ச.,

முதலில் அந்த ஸ்லைடைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஆசையை அடக்க முடியவில்லை. ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால். இதில் கைக்கு வேலை இருப்பது அந்த மூன்றாவது கட்டத்தில்தான். வழிந்து விழும் சொட்டு நிறமில்லாமல் ஆனதும் நிறுத்திக் கழுவிவிட வேண்டும். சில நொடிகள்தான். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. ஊற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் விட்டுவிடும். அப்புறம் ஊற்றும் சிவப்புச் சாயத்தை வாங்கிக்கொண்டு, நான் நெகட்டிவ் என்று பொய் சொல்லும். தட்டில் வளர்த்த பாக்டீரியா வளர்ப்பு பழையதாக இருந்தாலும் இப்படி ஆவதுண்டு. நீங்கள் அதே வளர்ப்பிலிருந்து எடுத்து ஊதா பார்த்திருப்பதால் பழி ஆல்கஹால்மேல்தான். "மனசு ஒப்பவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒப்பாத மனசை யாரும் உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தர முடியாது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"லேப்காரங்க பாத்துப்பாங்க" என்பவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் போன் அடிக்கும். "உங்கள் பன்னிரண்டாம் அறை நோயாளிக்கு ரத்தக் கல்ச்சர் பாசிட்டிவ், கிராம் பாசிட்டிவ் காக்கஸ், கொத்தாக" என்பார்கள். ரத்தத்தில் உருண்டை பாக்டீரியா கொத்துக் கொத்தாக வளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை எழுதிக்கொண்டு, எழுதியதை அவர்களுக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அது விதி. வாசிக்கும்போதே நர்ஸின் தலைக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். கொத்து என்றால் ஸ்டெபிலோகாக்கஸ், டாக்டரை எழுப்பியாக வேண்டும், அநேகமாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதுவார், அது ஒரு மணி நேரமாவது மெதுவாக இறங்க வேண்டும், வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும், ரத்த அழுத்தம்கூட விழலாம். மைக்ரோபயாலஜியைக் கடன் கழித்தவருக்கு அந்தப் போன் வெறும் ஆறேழு வார்த்தை. வார்த்தைகளை டாக்டரிடம் கடத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். டாக்டர் மூன்று நிமிடத்தில் திரும்ப அழைக்காவிட்டால் அவருக்கு உறுத்தாது.

ஆக, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு வீண்செலவு.

"இவர்களெல்லாம் நர்ஸாகி" என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்களெல்லாம் ஆகப்போவதில்லை. நீங்கள் இப்போது நிற்பது வாசலில்கூட இல்லை, வாசலுக்கு வெளியே உள்ள வரிசையில். நர்சிங்கில் சேரவே அறிவியல் பாடங்களில் குறைந்தது சி வாங்க வேண்டும், இடத்துக்குப் போட்டியுள்ள கல்லூரிகளில் சி வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. வாங்கிய மதிப்பெண்ணுக்கும் பல இடங்களில் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று காலாவதி உண்டு. பிறகு டீஸ் என்ற நுழைவுத் தேர்வு, 209 நிமிடத்தில் 170 கேள்வி. உள்ளே போன பிறகு கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. கடைசியில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு. ஒரு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் கணினி. இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. நான் எழுதிய காலத்தில் 75 முதல் 265 வரை. எனக்கு 75-வது கேள்வியோடு திரை அணைந்தது. தேறிவிட்டோமா தொலைந்தோமா என்று தெரியாமல் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதது தனிக் கதை. சொல்ல வந்தது, அங்கே பக்கத்து நாற்காலியில் எட்டிப் பார்க்க ச. இருக்கமாட்டார். வடிகட்டும் வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், அது உங்கள் தலையில் இல்லை.

தூங்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. என் வகுப்பிலும் ஒருவர் தூங்குவார், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர். உடனே, பார்த்தீர்களா, தூங்குகிற எல்லாருக்கும் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். அதே வகுப்பில் இன்னொருவரும் தூங்கினார். அவர் வெறும் சோம்பேறி. உங்கள் ஆள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, பிரசென்டேஷனுக்கு அது தேவையும் இல்லை. அவர் பங்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது வேறு இடம். மூன்று பேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, "நான்கு பெயரையும் போட்டுக் கொடுத்தேன்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஏன் போட்டீர்கள்?

காரணம் ஊகிக்க முடிகிறது. பெரியவள், வம்பு வேண்டாம், ஆசிரியரிடம் கோள் சொல்லிய பெயர் வேண்டாம். வேலையை இழுத்துப்போட்டுச் செய்து மனசுக்குள் புழுங்குவது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. எனக்கும் வந்தது. ஆனால் நீங்கள் நுழையப் போகும் தொழிலில் பெயர் என்பது மரியாதைக்குப் போடுவதில்லை, சாட்சிக்குப் போடுவது. மருந்துக் குறிப்பேட்டில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் கொடுத்தீர்கள் என்று பொருள். செய்ததை எழுதாவிட்டால் செய்யாததாகவே கொள்வார்கள் என்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். செய்யாததை எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மார்பின் என்ற போதை தரும் வலி மருந்து நான்கு மில்லிகிராம் குப்பியில் வரும். டாக்டர் இரண்டு எழுதியிருப்பார். மிச்சம் இரண்டை இன்னொரு நர்ஸ் கண்ணெதிரில் கொட்ட வேண்டும், மருந்து அலமாரியின் திரையில் அவரும் விரல் வைத்துச் சாட்சியாகப் பதிய வேண்டும். 'வேஸ்ட்' என்போம். வேலை மும்முரத்தில் இது பெரிய தொந்தரவு. என்னோடு இரவு ஷிப்டில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி, எனக்கு நரம்பு கிடைக்காதபோதெல்லாம் வந்து ஒரே குத்தில் ஏற்றிக் கொடுப்பவள். "அக்கா, ஒரு விரல் வச்சுட்டுப் போங்களேன்" என்று கூப்பிடுவாள், ஆங்கிலத்தில்தான், ஆனால் அந்தத் தொனி அக்காதான். நான் போய் விரலை வைப்பேன். சிரிஞ்சு அவள் கையில் இருக்கும். சில நாள் அவள் கொட்டுவதைப் பார்ப்பேன். சில நாள் என் நோயாளியின் மணி அடித்துக்கொண்டிருக்கும், பார்க்காமலே போய்விடுவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், மருந்தகத்திலிருந்து ஒருவர், எனக்குத் தெரியாத இன்னொருவர். ஒரு அச்சிட்ட தாள். மஞ்சள் கோடு போட்ட வரிகள் பதினான்கு. பதினான்கிலும் சாட்சி இடத்தில் என் பெயர். "இந்தப் பதினான்கு தடவையும் கொட்டியதைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டார் மேனேஜர். எனக்கு ஒன்றுகூடத் தனியாக நினைவில்லை. பார்த்தவை எவை, பார்க்காதவை எவை என்று பிரிக்க முடியவில்லை. அதைத்தான் சொன்னேன். வேலை போகவில்லை, எழுத்தில் எச்சரிக்கையும் மூன்று மாதக் கண்காணிப்பும் கிடைத்தன. அவள் அதற்கு முந்தைய வாரமே வேலையிலிருந்து போய்விட்டிருந்தாள். அவள் கொட்டாத மார்பின் அவள் உடம்புக்குள் போயிருக்கிறது. முதல் தடவை நான் நின்று பார்த்திருந்தால் இரண்டாவது தடவை என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டாள் என்று இன்றும் சில ராத்திரி தோன்றும். கூப்பிட வேறு ஆள் பார்த்திருப்பாள் என்றும் தோன்றும்.

ரிப்போர்ட்டையும் மார்பினையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். தட்டு வேறு, கைப்பழக்கம் ஒன்றுதான். உங்கள் ரிப்போர்ட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த 94-ஐப் பற்றி இப்போது ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்லமாட்டேன். போனது போகட்டும். பிரசென்டேஷனில் திருத்திக்கொள்ளலாம்.

எப்படி என்று கேட்பீர்கள். கோபம் ஆறிய ஒரு நாளில், வேலை ஆரம்பிக்கும் முன்னால், மூன்று பேரும் இருக்கும்போது சொல்லுங்கள். பழையதை முழுதாக இழுக்காதீர்கள், ஒன்றை மட்டும் தொடுங்கள்: "போன தடவை ஸ்லைடை நான் மறுபடியும் போட்டேன், ரிப்போர்ட் முழுக்க நான் எழுதினேன். இந்தத் தடவை அப்படிச் செய்யமாட்டேன். யாருக்கு எந்தப் பகுதி என்று இப்போதே பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு பகுதியின் கீழும் செய்தவர் பெயர் இருக்கும். ஒருவர் பகுதி வராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும், நான் நிரப்பமாட்டேன்." இவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். பிரித்துக்கொண்டதை அன்றைக்கே குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள். பெயரைப் பகுதிவாரியாகப் போடலாமா என்று ஆசிரியரிடமும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். யாரையும் குறிப்பிட வேண்டாம். அது கோள் இல்லை, விதிமுறை கேட்பது. ஆசிரியர்களுக்கு இது புரியாமல் இருக்காது.

கஷ்டம் எங்கே வரும் தெரியுமா? பிரசென்டேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பகுதி காலியாக இருக்கும். உங்கள் கை துறுதுறுக்கும். உங்களுக்கு அரை மணி நேர வேலை. மதிப்பெண் குறையுமே என்று வயிறு கலங்கும். அங்கேதான் விரலை மடக்கி வைக்க வேண்டும். நான்கு மதிப்பெண் போனால் போகட்டும் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது, சேர்க்கைக்குப் போட்டியிடுவது நான் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் முறைக்கே பெயர் கொடுத்தவரைப் பற்றி. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க்காரர். பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தவர். 1884-இல் அந்த முறையை வெளியிட்டபோது, இது இன்னும் குறையுள்ளது என்பதைத் தெரிந்தேதான் வெளியிடுகிறேன் என்று அவரே எழுதிவிட்டார். நீங்கள் ஊற்றும் சிவப்புச் சாயம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. உங்கள் பிரசென்டேஷனில் அந்த முதல் இளஞ்சிவப்பு ஸ்லைடையும் ஒரு படமாகக் காட்டிப் பாருங்கள்: இப்படி வந்தது, ஆல்கஹால் அதிகம், மறுபடி செய்தோம் என்று. யார் ஊற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும். அந்தப் பகுதியை அவளையே பேசச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் எழுதுங்கள். ஊதா ஸ்லைடைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள். நான் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

அன்புடன்