சட்ரஸ் கைப்பிடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். என் அப்பாவும் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர்தான். வெண்ணாற்றுப் பாசனம். உங்கள் அப்பாவை ‘நல்ல குடும்பஸ்தர்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது உறுத்தியது. எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கும் அப்பா இருந்ததில்லை. மழை வலுத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். தம்பிக்கு ஜுரம் கண்ட ராத்திரியில் அம்மாதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஊருக்காகத் தியாகம் செய்தவர் என்கிறார்கள். வீட்டுக்கு என்ன செய்தார்? இப்போது 78 வயது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி இருக்கிறார். அம்மா இன்னும் அவருக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். எனக்கு அவரோடு பேச ஒன்றும் இல்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் ‘குடும்பஸ்தர்’ என்று எழுதியது என் தப்புதான். ஆனால் அந்தத் ‘தியாகம்’ எனக்கும் ஒட்டவில்லை. என் அப்பா தியாகம் எதுவும் செய்யவில்லை. அவருக்கு ஆற்றங்கரை பிடிக்கும். வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் இருப்புக்கொள்ளாமல் கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பார்.

லஸ்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. பாரசீகத்தில் படையைக் குறித்த சொல், கப்பல் வேலையாட்களுக்குப் பெயராகி, எப்படியோ காவிரிக் கரைக்கும் வந்து சேர்ந்தது. காலையில் சட்ரஸில், அதாவது ஆற்று மதகில், எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து வரும் உத்தரவுப்படி மதகுப் பலகையை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். நடுவில் கரை நெடுக நடந்து நண்டு வளை, எலி வளை, கசிவு பார்க்க வேண்டும். ஒரு வளையை விட்டால் வெள்ளத்தில் அதுவே உடைப்பு. இவ்வளவுதான் வேலை, ஆனால் ஓயாது.

வழக்கப்படி மேட்டூர் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இந்த இரண்டு தேதிக்கும் நடுவே அவர் ஆற்றுக்காரர். மீதி நாலரை மாதம் எங்களுக்கு. அக்கா காதுகுத்து, அப்புறம் அவள் கல்யாணம், கீற்று மாற்றியது எல்லாம் மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில்தான். எனக்கு நீச்சல் சொல்லித் தந்ததும் ஆறு காய்ந்து கிடந்த மாதத்தில், குளத்தில். உங்கள் வீட்டு விசேஷப் பத்திரிகைகளை எடுத்துத் தேதி பாருங்கள். தீபாவளிக் கணக்கு மட்டும் எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டுக் கணக்குதான். ஐப்பசி அடைமழையில் வருகிற பண்டிகைக்கு லஸ்கர் எப்படி வீட்டில் இருப்பார்? புரட்டாசி வரை தண்ணீர் விடு என்று வாசலில் நின்ற ஆட்களே ஐப்பசியில் அடை, பயிர் முழுகுது என்று வந்து நிற்பார்கள். திட்டு மட்டும் மாறாது.

இதை நான் முன்பு எழுதவில்லை. சட்ரஸைத் திருகும் இரும்புக் கைப்பிடி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில்தான் கிடக்கும். ஒரு வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைந்து வாய்க்கால்வாரியாக முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்கு முறை வர இன்னும் மூன்று நாள் இருந்தது. என் தாய்மாமனுக்குக் கடைமடையில் நிலம், நாற்றங்கால் வெடித்துக்கொண்டிருந்தது. நடுராத்திரியில் வந்து அம்மாவிடம், “அரைச் சுத்து போதும்க்கா, விடியறதுக்குள்ள அடைச்சிடலாம்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியை இழுத்து அப்பா முன்னால் வைத்தாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு சட்ரஸுக்கு நடந்தார். திறக்கத்தான் போகிறார் என்று மாமாவும் பின்னாலேயே போனார். அப்பா அங்கே துண்டை விரித்தார். கைப்பிடியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

மாமா இரண்டு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அந்த இரண்டு பொங்கலுக்கும் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வரிசை வரவில்லை. வெகுநாள் கழித்து ஏன் எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். “தம்பி கேட்டான், வச்சேன். அவரு திறக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அப்பாவின் நேர்மைக்கு ஊர் பேர் சொல்லும். அதற்கான செலவு அம்மா கணக்கில் ஏறியது. உங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ராத்திரியும் அப்படித்தான். அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் அம்மா சார்பில் நீங்கள் படுகிற கோபம், நியாயமானது. அம்மாவிடம் அந்த ராத்திரியைப் பற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான். நீங்கள் நினைக்காத பதில் வரலாம்.

இடையில் ஒரு லௌகீகம். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அவர் இருக்கும்போது திருத்துவது சுலபம்.

பேச ஒன்றும் இல்லை என்கிறீர்கள். என் அப்பாவும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12 தவறியது. 2020ல் மறுபடி அதே தேதியில் மேட்டூரைத் திறந்ததை டிவியில் காட்டினார்கள். பார்த்துவிட்டு, “சைக்கிளுக்குக் காத்தடி” என்றார். சைக்கிளை விற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அவர் வேலையைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்காதீர்கள், பதில் வராது. உங்கள் அப்பாவின் சட்ரஸில் பலகை ஒரு அடி ஏற எத்தனை சுற்று சுற்ற வேண்டும், எந்த மதகுக் கண்ணில் பலகை மாட்டிக்கொள்ளும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நேரமாகும்.