குடும்பச் சண்டையோடு குருமனைக்கு வருபவர்கள்: ஆயர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பகுதியில்) ஆயராக, அதாவது போதகராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் குடியிருக்கும் குருமனை வாசலில் யாராவது ஒரு தம்பதி வந்து நிற்கிறார்கள். குடும்ப ஆலோசனை பற்றி இறையியல் கல்லூரியில் ஒரு பாடம் படித்ததோடு சரி. பக்கத்துச் சேகர ஆயர்கள், அவர்களுக்கு உதவும் உபதேசியார்கள் என்று இருபது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: இரண்டு நாளில் யாரையும் ஆலோசகர் ஆக்க முடியாது ஐயா. வந்தவர்களுக்குக் கெடுதல் செய்யாமல் இருக்கவும், நம்மால் ஆகாததை உரியவரிடம் சேர்க்கவும் பழக்கலாம். அதுவே பெரிய காரியம்.

முதல் நாள் காலை முழுவதையும் ஒரே விஷயத்துக்குக் கொடுங்கள்: கணவனையும் மனைவியையும் முதலில் தனித்தனியே பார்ப்பது. இருவரையும் அருகருகே உட்காரவைத்து, "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்பதுதான் நம் வழக்கம். அடிக்கிறவன் பக்கத்தில் இருந்தால் அவள் "ஒன்றுமில்லை ஐயா" என்பாள். துணிந்து சொல்லிவிட்டாலோ, வீடு போனதும் அதற்குத் தனியாக அடி விழும். தனியாகப் பேசும்போது, "அவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அவரைக் கண்டு பயமாக இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். பயம் என்று சொன்னால் அங்கே சமரசப் பேச்சுக்கு இடமில்லை. பாதுகாப்புத்தான் முதல் வேலை. பேசும்போது கதவு திறந்திருக்கட்டும், ஆயரம்மா (ஆயரின் மனைவி) கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். ஆயரம்மாக்களையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். பெண்கள் முதலில் அவர்களிடம்தானே சொல்கிறார்கள்.

வேத வசனத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். "தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார்" என்று மல்கியா 2:16ஐச் சொல்லி, அடிபட்டவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அதே வசனத்தின் அடுத்த வரி கொடுமையைக் கண்டிக்கிறது. அதை ஏன் யாரும் வாசிப்பதில்லை என்று அங்கேயே விவாதிக்கட்டும்.

மதியம் மூன்று மூன்று பேராக நடித்துப் பழகுங்கள்: கணவர், மனைவி, ஆயர். இன்னொருவர் கடிகாரத்தை வைத்து, ஆயர் எத்தனை நிமிடம் பேசினார் என்று குறிக்கட்டும். பிரசங்கம் பண்ணிப் பழகிய நமக்கு வாயைக் கட்டுவதுதான் கஷ்டம்! முதல் பத்து நிமிடம் அறிவுரை கூடாது, ஜெபமும் கடைசியில்தான் என்று விதி வையுங்கள்.

இரண்டாம் நாள் சட்டம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் அவரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் வழக்கு வராது. ஆனாலும் அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு செய்வதே அவளுக்குப் பாதுகாப்பு. குழந்தைமேல் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் கதையே வேறு. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஆகவே பேச்சின் தொடக்கத்திலேயே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மொட்டையாக வாக்குக் கொடுக்க வேண்டாம். 181 (பெண்கள்), 1098 (குழந்தைகள்), 14416 (மனநலம்) ஆகிய எண்கள் ஒவ்வொரு குருமனைச் சுவரிலும் இருக்கட்டும்.

ரகசியம் என்றதும் இன்னொன்று. பெயரைச் சொல்லாமல் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னாலும் சபையில் யாருடைய கதை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபக் குறிப்பாகச் சொன்னாலும் அதேதான்.

திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை பற்றிப் பேசப் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சபையில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிற காலத்தில் மண்டபமும் பத்திரிகையும்தான் தலையில் ஓடும். அதற்கு முன்பே மணமக்களைக் கூப்பிட்டுப் பணம், மாமியார் வீடு, குடிப்பழக்கம் பற்றிப் பேசவைக்க வேண்டும்.

தொடர்ந்து படிக்க விரும்புபவர்கள் மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்து பழகும் மேய்ப்புப் பயிற்சிக்குப் போகலாம். 1925இல் அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. நடந்த உரையாடலை வரிக்கு வரி எழுதி, மூத்தவர் முன் வைத்து அலசுவார்கள். இருபது பேரும் மாதம் ஒருமுறை கூடி, ஆள் அடையாளம் தெரியாதபடி இதையே செய்யலாம். அந்தக் கூட்டத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குப் பயணப்படி கொடுக்கச் சேகரக் கமிட்டியிடம் இப்போதே பேசிவையுங்கள்.