பாயிண்டர் குட்டி வாங்கலாமா? முதலில் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: பெருங்குடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் 6-வது மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் ஐ.டி. வேலை, வாரத்தில் 3 நாள் அலுவலகம் போக வேண்டும். மகனுக்கு 9 வயது. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் நாயை வீடியோக்களில் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறான். வெளியூர்க்காரர் ஒருவர், ‘45 நாள் குட்டி, கேசிஐ பேப்பர் உண்டு, 40,000 ரூபாய், அட்வான்ஸ் போட்டால் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்’ என்கிறார். முடி குட்டை என்பதால் சென்னை வெயில் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆளிடம் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். நாய் விஷயத்தை அப்புறம் பேசலாம், முதலில் ஆளைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அவர் சொன்ன ஒரே வரியிலேயே மாட்டிக்கொண்டுவிட்டார். 45 நாள் என்றால் ஆறரை வாரம். 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் கடிபட்டுத்தான் ஒரு குட்டி ‘இவ்வளவுதான் கடிக்கலாம்’ என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் முடியுமுன் பிரித்தால் மிச்சப் பாடத்தை உங்கள் மகனின் கையில்தான் படிக்கும்.

45 நாள் என்பதாவது உண்மையா? தாம்பரத்திலிருந்து ஒருவர் ‘60 நாள் குட்டி’ என்று கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்தார். துண்டில் சுற்றிய குட்டி, கண் மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் அரிசிக் குருணை மாதிரி இப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தன. கடைவாய்ப் பக்கம் விரலால் தடவினால் வெறும் ஈறு. 8 வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28-ம் வந்திருக்க வேண்டும். இதற்கு 5 வாரம்கூட ஆகியிருக்காது. நான்காம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டது. ரத்த வயிற்றுப்போக்கு, டிரிப்ஸ், அந்த வீட்டுப் பிள்ளைகளின் அழுகை. குட்டி பிழைக்கவில்லை. விற்றவரின் போன் அன்று மாலையே ஸ்விட்ச் ஆஃப்.

‘பேப்பர் உண்டு’ என்பது அடுத்த வலை. கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் தருவது நாயின் பரம்பரைச் சான்றிதழ். நாய் நோயில்லாமல் இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அந்தச் சான்றிதழில் ஒரு மைக்ரோசிப் எண் இருக்கும், 15 இலக்கம். அதே எண் குட்டியின் தோலுக்கடியில் இருக்க வேண்டும். எந்தக் கால்நடை மருத்துவரிடமும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டு, பணம் கொடுக்கும் முன் குட்டியின் முதுகில் ஓட்டிப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் அது வேறு நாயின் பேப்பர். சிப்பே இல்லை, பேப்பர் 3 மாதத்தில் தபாலில் வரும் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். 3 மாதத்தில் அவர் நம்பர் மாறியிருக்கும். ‘இம்போர்ட் லைன்’, ‘ஷோ குவாலிட்டி’, ‘வால் வெட்டினால்தான் ஒரிஜினல்’ இதெல்லாம் விலை ஏற்றும் வசனங்கள். வெட்டாத வாலோடு இருக்கும் பாயிண்டரும் அசல் பாயிண்டர்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பெற்ற பதிவு எண். இன்னொன்று, தாயைப் பார்க்க வேண்டும், அதுவும் நேரில், குட்டி அதன் மடியில் பால் குடிக்கும்போது. போட்டோ வேண்டாம். ஒரே போட்டோவை நான்கு தரகர்கள் நான்கு ஊர்க் குட்டி என்று அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். பஸ் டிக்கியில் வரும் குட்டியின் தாயை எவரும் காட்டப்போவதில்லை.

விதி இருக்கிறது, பதிவு இருக்கிறது, வாரியம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் போனால் கூடைக்குள் குட்டிகள் நெளிகின்றன. உரிமம் இல்லாமல் வளர்ப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் போடத் தெரிந்த மாநகராட்சி, பதிவில்லாமல் விற்பவர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. வாங்கியவர் வீட்டு விலாசத்தோடு கிடைக்கிறார், விற்றவர் கிடைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. நாய்க்கு வருவோம்.

அண்ணா நகரிலிருந்து ஓர் அம்மா ஒருநாள் இரவு பதறிப்போய் போன் செய்தார். “டாக்டர், வலிப்பு வந்த மாதிரி அப்படியே உறைஞ்சு நிக்குது, கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குது.” வீடியோ அனுப்பச் சொன்னேன். நாய் வலது முன்னங்காலை மடித்துத் தூக்கியபடி, வால் கம்பி மாதிரி நீட்டி, மூக்கை மேலே தூக்கி நிற்கிறது. மூக்கு காட்டும் திசையில் ட்யூப்லைட். ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. முக்கால் மணி நேரமாக அப்படி நிற்கிறதாம்.

வேறொன்றுமில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. புதருக்குள் காடை, கௌதாரி எங்கே என்று மோப்பத்தில் கண்டுபிடித்து, வேட்டைக்காரர் வரும்வரை அசையாமல் நின்று காட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு மட்டுமில்லை. இங்கிலிஷ் பாயிண்டர், ஹங்கேரியின் விஸ்லா, சாம்பல் நிற வைமரானர் எல்லாம் இந்தக் கூட்டம்தான். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை வயல்வெளியில் ஓடுவதற்கான உடம்பு. நம் ஊரில் வனவிலங்கு வேட்டைக்குச் சட்டம் தடை போட்டுவிட்டதால் அந்த வேலையே கிடையாது. வேலை போய்விட்டது, வேகம் போகவில்லை. 25, 30 கிலோ உடம்பில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு அது உங்கள் வீட்டு ஹாலில் என்ன செய்யும்? சோபா.

வளர்ந்த நாய்க்குத் தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நல்ல ஓட்டம் வேண்டும். வாசல் வரை போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வருவது கணக்கில் வராது. ‘நாயை நடக்கக் கூட்டிப்போக ஒரு வாக்கர் வைத்துக்கொள்வோம்’ என்பீர்கள். என் தெருவில் ஒரு வாக்கர் தம்பி இருக்கிறார். ஒரு கையில் கயிறு, மறு கையில் போன், பெட்டிக்கடை வாசலில் 40 நிமிடம். நாய் நின்றபடியே வாக்கிங் போய்விட்டு வருகிறது. கயிற்றை அவிழ்த்து ஓடவிடலாம் என்றால் தெருவில் விடக் கூடாது, பூங்காவில் போர்டு, கடற்கரையில் தெருநாய்க் கூட்டம். மாதம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேலி போட்ட புல்தரைக்குக் காசு கட்டிக் கூட்டிப்போவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி மாதிரி. தினசரிப் பசிக்கு ஆகாது.

ஓட்டத்தைவிடக் கடினமானது தனிமை. இந்த இனம் மனிதரை ஒட்டியே இருக்கும், குளியலறை வரை பின்னால் வரும். 3 நாள் அலுவலகம் என்கிறீர்கள். ராஜீவ் காந்தி சாலைப் போக்குவரத்தையும் சேர்த்தால் 10 மணி நேரம். ஊளையிடும், கதவைப் பிராண்டும், கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் எழுதுவார். நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது. ஆனால் உங்கள் நிம்மதியைக் கெடுக்க முடியும்.

வெயிலுக்கு வருகிறேன். குட்டை முடி என்பது உண்மைதான், அடர்முடி ஹஸ்கியைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆபத்து முடியில் இல்லை, குணத்தில் இருக்கிறது. மற்ற நாய் களைத்தால் படுத்துவிடும். இது பந்து எறியும்வரை ஓடும், சுருண்டு விழும்வரை ஓடும். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் காயாது. அக்கினி நட்சத்திரத்தில் காலை 6 மணிக்குள் வீடு திரும்பியிருக்க வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, ஃபேனுக்கடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள்; ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போகும். உண்ணிக் காய்ச்சல் வராமலிருக்க மாதாமாதம் மருந்து. தடுப்பூசிகளை உங்கள் மருத்துவர் சொல்வார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு, மூன்று வயதான பாயிண்டரைத் தத்தெடுப்பது. இந்த நாய்கள் 8 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை ஆடும் ஆட்டம் தாங்காமல்தான் பலர் கைவிடுகிறார்கள். அதைத் தாண்டி வந்த நாயின் குணம் தெரிந்திருக்கும். குழந்தையோடு ஒத்துப்போகுமா, தனியாக இருக்குமா, எல்லாவற்றையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது முறை மகனைக் கூட்டிப்போங்கள். மூன்றாவது முறை கணவர் கயிற்றைப் பிடித்து அரை மணி நேரம் நடக்கட்டும். 15 நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு தருபவர் மறுக்க மாட்டார். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், முன்பு வந்துபோயிருந்தாலும் உள்ளே தங்கியிருக்கலாம். சிப் இருந்தால் உரிமையாளர் பெயர் மாற்றிய காகிதம் கையில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பழைய உரிமையாளருக்குப் பாசம் பொங்கும். ‘அடாப்ஷன் ஃப்ரீ, டிரான்ஸ்போர்ட் மட்டும் 12,000’ என்று எவராவது சொன்னால் அது அதே தரகர், வேறு சட்டை. இவ்வளவும் சரியாக வந்து, உங்களில் ஒருவர் தினமும் காலை 5 மணிக்கு ஓடுகிற ஆளாகவும் இருந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஓடப்போகிற ஆள் இல்லை, இப்போதே ஓடுகிற ஆள்.

மகனுக்கு நாய் வேண்டும், இனம் முக்கியமில்லை என்றால் புளூ கிராஸ் விலங்குகள் நல அமைப்பில் நாட்டுக் குட்டிகள் காத்திருக்கின்றன. எதைக் கொண்டுவந்தாலும், வரும் முன் பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள். புறா உள்ளே வராமல் இருக்க மேலே மட்டும் கட்டுவார்கள். கம்பிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்டர் புறாவைப் பார்த்தால் அது 6-வது மாடி என்பது அதற்கு நினைவிருக்காது.