லீட்ஸ் ஆங்கிலமும் வீட்டுத் தமிழும்

அன்புள்ள தம்பிக்கு,

மேலூரிலிருந்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸுக்கு வந்து 3 மாதமாகியும் இங்குள்ளவர்கள் பேசும் ஆங்கிலம் பிடிபடவில்லை என்றும், 4 வயது மகள் தமிழை மறந்துவிடுவாளோ என்றும் எழுதியிருந்தீர்கள். நான் திருமங்கலத்துக்காரி, இவ்வூருக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலை வேண்டாம். யார்க்‌ஷயர்க்காரர்கள் 'பஸ்' என்பதைப் 'புஸ்' என்பதும், 'தி' என்ற சொல்லைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுவதும் முதலில் திகைக்கத்தான் வைக்கும். ஆனால், 'ரோடு', 'டே' போன்ற சொற்களில் வரும் ஓகாரத்தையும் ஏகாரத்தையும் அவர்களில் பலர் நம்மைப் போலவே நடுவில் ஒலி மாறாத நெடிலாக ஒலிக்கிறார்கள் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். அந்தப் பிடி கிடைத்துவிட்டால் மற்றவை ஓராண்டில் தாமே வந்துவிடும். 'டீ'க்கு வாருங்கள் என்று யாரேனும் அழைத்தால் அது பெரும்பாலும் மாலைச் சாப்பாடு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

தமிழ்தான் சத்தமில்லாமல் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு முறத்தைக் குறிக்கும் 'சொளகு' என்ற சொல் வரவில்லை. சாணம் மெழுகிய மூங்கில் விளிம்பும், அம்மா அதில் கம்பைத் தட்டிப் புடைக்கும்போது தூசி பறப்பதும் கண்ணுக்குள் தெரிந்தன. பெயர் மட்டும் இல்லை. அன்று இரவு நான் அழுதேன். பெரியவர்களுக்கு இலக்கணம் எளிதில் அழியாது. அன்றாடம் புழங்காத சொற்களே முதலில் நாவுக்கு எட்டாமல் போகும்.

குழந்தைகளின் நிலை வேறு. 3 முதல் 8 வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப் பிள்ளைகளாக வந்து வளர்ந்தவர்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களால் கொரிய வாக்கியங்களைப் பிற அயல்மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்தறியக்கூட முடியவில்லை. உங்கள் மகள் பெற்றோருடன் இருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில், நீங்கள் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நாள் வரும். என் மகன் விஷயத்தில் அந்த நாளை நான் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். இன்று 19 வயதில் நான் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. அம்மாச்சியிடம் சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேச முடியவில்லை.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். கடையிலும் பள்ளியிலும் தமிழ் பேசும் அவர்கள், வாசற்படி தாண்டி வீட்டுக்குள் போனதும் தம் மொழிக்கு மாறுவதைச் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வாசற்படியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் கலக்காமல் பேச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரிரு சொல் கலப்பதால் கேடில்லை. அவள் தமிழில் பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருப்பதுதான் முக்கியம். புத்தகத் தமிழைத் தேடிப் போகாமல் 'அங்கிட்டு', 'வெள்ளென' என்று மேலூரில் பேசியபடியே பேசுங்கள். அவள் 'வாளப்பளம்' என்றால் உடனே திருத்தாதீர்கள். நம் பக்கத்துப் பெரியவர்களின் நாவில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், ழகரம் எழுதப் படிக்கும்போது வந்து சேரும்.

காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் அவளுடைய அப்பத்தாவை அழையுங்கள். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்று பேச்சு தானாகத் தொடங்கிவிடும். தொலைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லாதபோது அவளே சொல்லைத் தேடுவாள்.