காபி, எனர்ஜி டிரிங்க், பைக் வேகம்: மனசைப் பற்றி நீங்கள் கேட்டவை

மனநல ஆலோசகர் பதில்கள்

தேர்வு சமயத்தில் ராத்திரி பத்து மணிக்கு எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறேன். மறுநாள் வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். அதனால்தானா?

பெரும்பாலும் அதனால்தான், தம்பி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகும். 'போதும், படு' என்று சொல்வது அதுதான். அது உட்கார வேண்டிய இடத்தில், காபியிலும் எனர்ஜி டிரிங்க்கிலும் இருக்கும் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்வதால் களைப்பு தெரிவதில்லை. 250 மில்லி டின்னில் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் பாதி கரையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கும் 40 மில்லிகிராம் உடம்பில் இருக்கும்போது எப்படி ஆழ்ந்து தூங்குவீர்கள்? ஒரு வாரம் மதியம் இரண்டு மணிக்குமேல் காபியும் வேண்டாம், டின்னும் வேண்டாம்.

ஆபீஸ் நாட்களில் நாலைந்து காபி. ஞாயிற்றுக்கிழமை குடிப்பதில்லை, அன்றைக்குத் தலைவலி, மனசும் டல்.

கஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் இப்படித்தான் வரும். ஒரேயடியாக விடாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மகனுக்கு 19 வயது. நடுராத்திரி பைக்கில் ஈ.சி.ஆர். போகிறான். வரும்போது ஒரே உற்சாகம், மறுநாள் முழுக்க யாரிடமும் பேசாமல் படுத்துக்கிடக்கிறான். கஞ்சாவாக இருக்குமோ?

நேரில் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் வேகம் மட்டுமே கூட இப்படிச் செய்யும். சிறுநீரகத்தின் மேல் குல்லா போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாய்ந்ததும் இதயம் அடித்துக்கொள்ளும், வலி தெரியாது. மூளையில் உற்சாகம் தரும் டோபமின் என்ற ரசாயனமும் ஏறும். அது இறங்கியதும் வீடும் வகுப்பும் சப்பென்று ஆகிவிடும்.

இதே வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்திருந்தான். பேசும்போதெல்லாம் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "நூறைத் தாண்டினாத்தான் சார் தலைக்குள்ள சத்தம் அடங்குது" என்று சொன்னபோது கால் நின்றுவிட்டது. எனக்கு வேகத்தைவிட அந்தச் சத்தம்தான் கவலையாக இருந்தது. அவன் அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதம். வீட்டில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ராத்திரி சாவி உங்களிடம் இருக்கட்டும், அதில் தயக்கமே வேண்டாம். அப்புறம் சோறு போடும்போது, "மனசுல என்னடா ஓடுது?" என்று மெதுவாகக் கேளுங்கள். திட்டு முந்திக்கொண்டால் அவன் பேசமாட்டான். கபடி, நீச்சல் என்று உடம்பு துடிக்கிற வேறு ஏதாவது கிடைத்தாலும் நல்லது. சோர்வு இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். தமிழிலேயே பேசலாம்.

காபி குடித்த அரை மணியில் நெஞ்சு படபடக்கிறது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயம்.

படபடப்பு முதலில் வருகிறது, மனசு அதற்குக் காரணம் தேடுகிறது. கனடாவின் கேப்பிலானோ தொங்குபாலத்தில் நடந்து 1974இல் வெளியான ஆய்வில், ஆடும் பாலத்தில் நின்ற ஆண்கள் பலர் அந்தத் துடிப்பை எதிரே பேசிய பெண்மீது வந்த ஈர்ப்பாக எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். உங்கள் மனசு அதைப் பயமாக எடுத்துக்கொள்கிறது. பதற்ற சுபாவம் உள்ளவர்களுக்குக் கஃபீன் இதைக் கிளப்பிவிடும். காபியை நிறுத்திப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவுதான் குடிக்கலாம்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை. கர்ப்பிணிகள் 200க்குள். குழந்தைகளுக்கு எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம்.