விம்பிள்டனை நேரில் பார்ப்பதா, வீட்டிலிருந்தே தொடர்வதா?

கேள்வி: வரும் ஜூலைத் தொடக்கத்தில் பத்து நாள்கள் லண்டனில் இருப்பேன். விம்பிள்டன் டென்னிஸ் தொடரின் சீட்டுக் குலுக்கலுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இரவெல்லாம் வரிசையில் கிடந்து சீட்டு வாங்குவது அந்தச் சிரமத்துக்குத் தகுமா, அல்லது அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்ப்பதே மேலா?

நான் திருச்சியில் இருந்தவரை விம்பிள்டனைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவன். தெற்கு லண்டனுக்குக் குடிவந்த பிறகு நான்கு முறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், அவற்றுள் ஒரு முறை கூடாரம் போட்டு இரவு தங்கியிருக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வாரத்தில் ஏதேனும் ஒரு நாள், முதன்மை ஆடுகளமான சென்டர் கோர்ட்டின் மீதுள்ள ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு நேரில் போங்கள், மற்ற நாள்களில் தொலைக்காட்சியே போதும், சொல்லப்போனால் அதுவே மேல். நேரில் இருப்பவருக்குக் கண் முன்னால் நடக்கும் ஆட்டம் மட்டுமே தெரியும். தொடர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மைதானத்துக்குள் இருப்பவருக்குத்தான் மிகக் குறைவாகத் தெரியும். பக்கத்து ஆடுகளத்தில் எழும் ஆரவாரம் எதற்காக என்று புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் தயக்கம் அதைப் பற்றியதுதான். விம்பிள்டன் நிலையத்தில் இறங்க வேண்டாம். டிஸ்ட்ரிக்ட் தடத்தில் சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் கால் மணி நேர நடையில் விம்பிள்டன் பூங்கா வந்துவிடும். வரிசையின் கடைசியில் போய் நின்றதும் தொண்டர் ஒருவர் தேதியும் எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தருவார். அதற்குப் பிறகு உங்கள் இடம் அந்த அட்டைதான். கூடாரம் இருவர் படுக்கும் அளவைத் தாண்டக்கூடாது, ஒருவர் இன்னொருவருக்காக இடம் பிடித்து வைக்கக்கூடாது, கழிப்பறைக்கோ தேநீருக்கோ போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. வியப்பு என்னவென்றால் அத்தனை பேரும் அவற்றை மதிக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணியைத் தாண்டியதும் தொண்டர்கள் வந்து எழுப்பிவிடுவார்கள். கூடாரத்தை மடித்துப் பொருள் காப்பகத்தில் போட்டுவிட்டு, நெருங்கி நிற்கும் வரிசையில் சேர்ந்து, பத்து மணிக்கு வாயில் திறக்கும்வரை அங்குலம் அங்குலமாக நகர வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது அற்பமானதல்ல. சென்டர் கோர்ட், ஒன்றாம் எண் ஆடுகளம், இரண்டாம் எண் ஆடுகளம் ஆகிய மூன்றில் ஒவ்வொன்றிலும் நாள்தோறும் ஏறத்தாழ 500 இருக்கைகளை வரிசையில் வருபவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள். கடைசி நான்கு நாள்கள் மட்டும் சென்டர் கோர்ட்டுக்கு இது பொருந்தாது. இவை தவிர, மற்ற ஆடுகளங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கான மைதானச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உலகின் பெரிய விளையாட்டு விழாக்கள் பலவற்றில் கடைசி நேரத்தில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் கள்ளச்சந்தையில் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கும். இங்கே சீட்டின் விலைக்கு மேல் நாம் கொடுப்பது நம் தூக்கத்தை மட்டும்தான்.

நான் கூடாரம் போட்ட இரவில் என் அட்டையின் எண் அறுநூற்றுச் சொச்சம். சென்டர் கோர்ட் கைக்கெட்டாமல் போனது, ஒன்றாம் எண் ஆடுகளம் கிடைத்தது. ஜூலை மாதம் என்று நம்பி மெல்லிய போர்வை மட்டும் கொண்டுபோன மடமையால் விடியும்வரை பனியில் நடுங்கினேன். தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில் வாங்கிக் கொண்டுபோன புளியோதரைதான் காலையில் உயிர் தந்தது. (வெளி உணவை மைதானத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பை மட்டும் பெரிதாக இருக்கக்கூடாது.) அப்படிப் பாடுபட்டுப் பிடித்த இருக்கையில் உட்கார்ந்து, முன்னணி வீரர் ஒருவர் தரவரிசையில் மிகப் பின்னால் இருந்த ஒருவரை எளிதாக வீழ்த்துவதைப் பார்த்தபோது, இதை வீட்டிலேயே இதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் வராமல் இல்லை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவே எழுந்து வெளியே வந்து, எண் இட்ட சிறிய ஆடுகளங்களுக்கு இடையே நடந்தேன். எனக்கு விம்பிள்டன் பிடிபட்டது அந்த நடையில்தான்.

தொலைக்காட்சிக் காமிரா ஆட்டக்காரருக்குப் பின்னால் உயரத்திலிருந்து பார்ப்பதால் பந்தின் உயரத்தை அது நசுக்கிவிடுகிறது. முன்னோக்கிச் சுழலும்படி அடித்த டாப்ஸ்பின் பந்து வலைக்கு மேல் எவ்வளவு உயரம் எழுந்து திடீரென்று இறங்குகிறது என்பதும், ஸ்லைஸ் செய்த, அதாவது வெட்டுவதுபோல் அடித்த, பந்து புல்லில் பட்டதும் எழும்பாமல் எப்படிக் கணுக்கால் உயரத்தில் வழுக்கிப் போகிறது என்பதும் திரையில் தெரிவதில்லை. சிறிய ஆடுகளத்தில் கோட்டிலிருந்து சில அடி தொலைவில், ஆட்டக்காரரின் கண் மட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். ஒவ்வொரு தாழ்ந்த பந்துக்கும் அவர் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு வளைவதையும், முதல் வாரத்தின் ஈரப் பசுமையில் கால் வழுக்காமல் சிறு சிறு அடிகளாக எடுத்து வைப்பதையும் பார்க்கும்போதுதான், புல்தரை என்பது அழகுக்காக வைத்திருக்கும் பச்சைப் பின்னணி அல்ல என்பது உறைக்கும்.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படும் அது, 2001 முதல் முழுக்க முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகை. அதற்கு முன் வேறொரு மெல்லிய புல் வகையையும் கலந்திருந்தார்கள். தேய்மானத்தைத் தாங்குவதற்காகத்தான் மாற்றினார்கள். ஆனால் தரை உறுதிப்பட்டுப் பந்து சீராக எழும்பத் தொடங்கியதும், சர்வீஸ் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடுபவர்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. மட்டைகளும் அவற்றின் நரம்புகளும் மாறியதற்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், பழைய ரசிகர்கள் பழியைப் புல்லின் மீதே போடுவார்கள். 2002 ஆண்கள் இறுதிப் போட்டியில் ஹ்யூயிட்டும் நல்பந்தியனும் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனை விட்டு நகர மனமில்லாமல் ஆடியதை அவர்கள் இன்றும் குறையாகச் சொல்வதுண்டு. 1980களின் படங்களைப் பாருங்கள்: இரண்டாவது வாரத்தில் பேஸ்லைனிலிருந்து வலைவரை பழுப்புப் பாதை ஒன்று தேய்ந்திருக்கும். இப்போது பேஸ்லைன் ஓரம் மட்டும் மண்ணாகிக் கிடக்கும், வலையருகே புல் அப்படியே இருக்கும். எந்தத் தலைமுறையின் ஆட்டம் என்பதை அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதல் வாரத்தைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஆண்கள், பெண்கள் ஒற்றையர் பிரிவுகளில் தலா 128 பேர் ஆடுவதால், முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள் முதல் இரண்டு நாள்களில் 18 ஆடுகளங்களில் நடந்தாக வேண்டும். எந்த மூலையில் எது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2010 ஜூன் 22 அன்று பதினெட்டாம் ஆடுகளத்தில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் ஆடத் தொடங்கிய முதல் சுற்று ஆட்டம், ஒருவரும் பொருட்படுத்தாத ஆட்டமாகத்தான் தொடங்கியது. முதல் நாள் இருள் சூழ்ந்தபோது ஆளுக்கு இரண்டு செட். இரண்டாம் நாள் இருள் சூழ்ந்தபோது ஐந்தாவது செட் 59-59. இடையில் 47-47ஐ எட்டியதும் மின்னணுப் பலகை அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் நின்றுபோனது. மூன்றாம் நாள் 70-68 என்று இஸ்னர் வென்றபோது மொத்தம் 11 மணி 5 நிமிடங்கள் ஆகியிருந்தன. அதே நாளில்தான் இங்கிலாந்து அரசி எலிசபெத் 1977க்குப் பிறகு முதல் முறையாக விம்பிள்டனுக்கு வந்து சென்டர் கோர்ட்டில் அமர்ந்திருந்தார். வரலாறோ எண்ணூறு பேர்கூட உட்கார இடமில்லாத பதினெட்டாம் ஆடுகளத்தில் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் தொலைக்காட்சி ஏன் மேல் என்று கேட்பீர்கள். தொடர்வது என்பது ஒருவருடைய பதினான்கு நாள் ஏற்ற இறக்கத்தை உடன் இருந்து பார்ப்பது. அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்திய வீரர் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றதை என் அப்பா நாளிதழில் மட்டுமே, அதுவும் தாமதமாகத்தான், படித்துத் தொடர்ந்தார். முதல் ஆண்டில் நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டில் ராட் லேவரிடமும் கிருஷ்ணன் தோற்றார். இரண்டு முறையும் அவரைத் தோற்கடித்தவரே பட்டத்தையும் வென்றார் என்பதை, ஏதோ நம் வீட்டுப் பிள்ளைக்கு வாதாடுவதைப் போல அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனைக் கிருஷ்ணன் நேர் செட்களில் வீழ்த்தியதை விவரிக்கும்போது, கேட்பவர்கள் அவர் நேரில் பார்த்தார் என்றே நினைப்பார்கள்.

எனக்கு அப்படி வாய்த்தது 2008 ஜூலை 6 அன்று நடந்த ஆண்கள் இறுதிப் போட்டி. ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த ஃபெடரர், நடாலிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்துவிட்டு மூன்றாவதை டை-பிரேக்கில், அதாவது செட் சமநிலையில் நிற்கும்போது முடிவு காணும் கூடுதல் ஆட்டத்தில், மீட்டிருந்தார். நான்காவது செட்டும் டை-பிரேக்குக்கு வந்தது. நள்ளிரவு வாக்கில் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. சென்னையில் இருந்த நண்பனைத் தொலைபேசியில் பிடித்து, இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டேன். நடால் பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி தொலைவில் நின்றபோது ஃபெடரர் கோட்டை ஒட்டி அடித்த அந்தப் பின்கை அடியை நான் முதலில் அறிந்தது, "காப்பாத்திட்டான்டா!" என்ற அவன் அலறலாகத்தான். பிறகு எத்தனையோ முறை படமாகப் பார்த்துவிட்டேன். அலறல்தான் இன்னும் காதில் நிற்கிறது. மின்சாரம் திரும்பியபோது லண்டனில் மழை, ஐந்தாவது செட் 2-2இல் நின்றிருந்தது. சென்டர் கோர்ட்டுக்குக் கூரை வந்தது 2009இல்தான். ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் அந்த இடைவெளி எனக்குக் கிடைத்திருக்காது. லண்டனில் இரவு 9.16க்கு, பந்தே சரியாகத் தெரியாத மங்கலில், 9-7 என்று நடால் வென்றார். திருச்சியில் அப்போது மணி 1.46.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு: ஒன்றாம் எண் ஆடுகளத்தின் பக்கத்தில், பெரிய திரையைப் பார்த்தபடி இருக்கும் புல்சரிவு. நான்கு முறை அரையிறுதிவரை வந்தும் இறுதிப் போட்டியைக் காணாத டிம் ஹென்மனின் பெயரால் அதை ஹென்மன் குன்று என்கிறார்கள். 2019 ஜூலை 14 அன்று, ஃபெடரரும் ஜோகோவிச்சும் ஆண்கள் இறுதிப் போட்டியில் மோதியபோது, நான் அங்கே இருந்தேன். அதே நேரத்தில் லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உலகக் கோப்பை இறுதியில் ஆடிக்கொண்டிருந்தன. சரிவில் இருந்தவர்களில் பலருடைய மடியில் கைப்பேசியில் கிரிக்கெட் ஓடியது. ஜோகோவிச் சர்வீஸ் போடத் தயாராகிப் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, எதிரே திரையில் எதுவுமே நடக்காத அந்த நொடியில், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7, 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்டுகளுடன் (ஒன்றை வென்றாலே பட்டம்) நின்றபோது மட்டும் எல்லாக் கைப்பேசிகளும் கவிழ்ந்தன. இரண்டும் போயின. 4 மணி 57 நிமிடங்கள் நீண்ட அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. மூன்று டை-பிரேக்குகளையும் ஜோகோவிச்சே வென்றார், பட்டமும் அவருக்கே. எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் பயணத்துக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தின் திங்கள் முதல் வியாழன் வரையிலான ஒரு நாளில், காலையில் மைதானச் சீட்டுடன் உள்ளே போய் மாலைவரை சிறிய ஆடுகளங்களிலேயே இருங்கள். அதற்குப் பிறகும் சென்டர் கோர்ட் ஆசை விடவில்லையென்றால், சீக்கிரம் கிளம்பிவிடுபவர்கள் விட்டுச்செல்லும் இருக்கைகளைப் பிற்பகலில் சிறு தொகைக்கு மறுவிற்பனை செய்வார்கள். அந்தப் பணம் அறக்கொடைக்குப் போகிறது. நான்கு முறை போனதில் நான் சென்டர் கோர்ட்டுக்குள் நுழைந்தது அப்படி ஒரே ஒரு முறைதான். மாலை ஏழு மணிக்கு மேல் உள்ளே போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் வெளிச்சம் மங்கிக் கூரையை மூடத் தொடங்கினார்கள்; உள்ளே காற்றின் ஈரப்பதம் சீராகி ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை, அத்தனை ஆயிரம் பேருடன் நானும் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.